மருந்து கேட்காத தண்ணீர்

(காஞ்சிபுரத்தில் உழவர்களும் நெசவாளர் குடும்பத்தினரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பக்கத்தில் களை மருந்து விற்கும் கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் ஒரே புகாரைச் சொல்வார்கள். "நவரைக்கு அடிச்சப்ப கோரை கருகிப் போச்சு. அதே கம்பெனி, அதே அளவுதான். சொர்ணவாரிக்கு அடிச்சா லேசா மஞ்சளாகி மறுபடியும் பச்சை கட்டுது. இது டூப்ளிகேட் சரக்கு." கடைக்காரர் வேறொரு மருந்தை எடுத்து வைப்பார். இல்லாவிட்டால், "அளவைக் கொஞ்சம் கூட்டி அடிங்க அண்ணே" என்பார். போலி மருந்து சந்தையில் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் மருந்தைச் சந்தேகப்படும் நாம், அதை எந்தத் தண்ணீரில் கரைத்தோம் என்று ஒரு முறையாவது கேட்டிருக்கிறோமா? தெளிப்பானில் நாம் முதுகில் சுமப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்தப் பெரும்பங்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நவரைக்குக் களை எடுக்கும் தை, மாசியில் நம் ஏரிகளில் தண்ணீர் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய நீர் அது. மழை நீரில் உப்புகள் மிகக் குறைவு. மண்மேல் ஓடி ஏரிக்கு வரும்போது கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். சொர்ணவாரிக்கு மருந்தடிக்கும் வைகாசி, ஆனியில் ஏரி காய்ந்து கிடக்கும். அப்போது போர்த் தண்ணீர்தான் கதி. பாலாற்றுப் படுகையின் மணலை விட்டு விலகினால் நம் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். சிதைந்த பாறையின் இடுக்குகளில் நீண்ட காலம் தங்கும் நீர், அங்குள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க உப்பின் செறிவும் பல இடங்களில் ஏறுகிறது. ஆக இரண்டு பருவத்திலும் ஒரே மருந்தை அடித்தோம் என்று நாம் சொன்னாலும் கலவை ஒன்றாக இருந்ததில்லை.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்றே அழைத்தார்கள். உத்திரமேரூரில் பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம் இன்றும் பெரிய ஏரியாக இருக்கிறது. அதே ஊரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினர்களைக் குடவோலையில் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்வதையே ஒரு பதவியாக வைத்திருந்த ஊர் அது. மாவட்டத்தின் ஏரிகள் பல தூர்ந்ததால் இழந்தது பாசன நீரை மட்டும் என்று நினைக்கிறோம். மழையில் வந்த மென்னீரின் கையிருப்பையும் சேர்த்து இழந்திருக்கிறோம். அந்த இழப்பு இன்று மருந்துச் செலவில் தெரிகிறது.

கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர் என்ன செய்யும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டு நூலில் கால் பங்கு அளவுக்குப் பசை இருக்கிறது, செரிசின் என்ற புரதம். சாயம் போடுமுன் சோப்புக் கரைசலில் நூலைக் கொதிக்கவைத்து அந்தப் பசையை நீக்குகிறார்கள். உப்புத் தண்ணீரில் இதைச் செய்தால் நுரை எழாது. சோப்பு திரிந்து தயிர்போல மிதக்கும். அந்தத் திரிவு இழையில் ஒட்டிக்கொண்டால் பட்டின் பளபளப்பு போகும், சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பாலாற்றுத் தண்ணீரால்தான் காஞ்சிப் பட்டுக்கு இந்த மெருகு என்று பெரியவர்கள் சொல்லிவந்ததன் பின்னே இந்த வேதியியல் இருக்கிறது. சோப்பு என்பது ஒரு கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. தண்ணீரிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்கிறது. சோடியத்தோடு இருந்தவரை கரைந்த பொருள் கால்சியத்தோடு சேர்ந்ததும் கரைய மறுக்கிறது. சோப்புக்கு எதிரி என்று சாயக்காரர் அறிந்துவைத்திருக்கும் அதே கால்சியம்தான் பல களைக்கொல்லிகளுக்கும் எதிரி, நடக்கும் முறையும் அதேதான்.

2,4-டி என்று எல்லாருக்கும் தெரிந்த மருந்தை எடுத்துக்கொள்வோம். அகன்ற இலைக் களைகளுக்கும் கோரைக்கும் நெல் வயலில் பல காலமாக அடிக்கப்படுகிறது. நம் கடைகளில் தூளாகக் கிடைப்பது அதன் சோடியம் உப்பு. எக்டருக்கு ஒன்றேகால் கிலோவை 625 லிட்டர் நீரில் கரைத்து, நட்ட மூன்றாவது வாரத்தில் தெளிக்கச் சொல்வது நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரை. லிட்டருக்கு 2 கிராம் வருகிறது. தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வையுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு லிட்டரில் உள்ள மருந்து முழுவதையும் பிடித்துக்கொள்ளப் போதுமான கால்சியம் அந்த ஒரு லிட்டரிலேயே இருக்கிறது, மிச்சமும் நிற்கிறது. முழுவதும் பிடிபடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இலைமேல் விழுந்த துளி காயக் காய உப்பின் செறிவு ஏறுகிறது, பிடிபடுவதும் கூடுகிறது. இலை உறிஞ்ச வேண்டிய மருந்து இலைமேலேயே வெள்ளைப் படிவாகக் காய்கிறது. தெளிப்பானின் நாசில் அடிக்கடி அடைத்துக்கொண்டால், அடைப்பை எடுத்து ஊதிவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்குவதற்கு முன், அந்த அடைப்பு எதனால் ஆனது என்று கொஞ்சம் பாருங்கள்.

கிளைபோசேட்டின் வரலாறு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. உலகிலேயே அதிகம் தெளிக்கப்பட்ட களைக்கொல்லி அது. களைக்கொல்லி என்று உலகம் அறிவதற்கு முன், 1964-ல் அமெரிக்காவின் ஸ்டாஃபர் நிறுவனம் அதே பொருளுக்கு வேறொரு வேலைக்காகக் காப்புரிமை பெற்றது. உலோக அயனிகளைக் கவ்விப் பிடிக்கும் பொருள் என்ற வகையில், குழாய்களிலும் கொதிகலன்களிலும் படியும் உப்பை நீக்குவதற்காக. 1970-ல்தான் மான்சான்டோவில் பணியாற்றிய ஜான் ஃபிரான்ஸ் அது செடியைக் கொல்வதைக் கண்டார். 1974-ல் சந்தைக்கு வந்தது. உப்பைப் பிடிக்கப் பிறந்த பொருளை உப்புத் தண்ணீரில் கரைத்தால் அது தன் பிறவிக் குணத்தைத்தான் காட்டும். கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிக்கும். இரும்பை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். பிடித்தபின் இலைக்குள் நுழைய அதற்கு வலுவிருக்காது.

இங்கே சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் கிளைபோசேட் தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரில்லாத இடங்களுக்கும் மட்டுமே பதிவு பெற்றது. 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்களைத் தவிர வேறு எவரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஆகவே இதை நான் விளக்குவது வாங்கி அடிப்பதற்காக அல்ல. தண்ணீர்க் கோளாறு இந்த மருந்தில்தான் மிக விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அந்த ஆராய்ச்சியிலிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது, தண்ணீரின் அளவு. கணக்குக்காக, 41 சதவீத மருந்து ஒரு லிட்டரை ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் கரைப்பதாகக் கொள்வோம். கடினத்தன்மை 500 இருந்தால், ஒரு மருந்து மூலக்கூற்றை ஒரு கால்சியம் பிடிக்கும் என்ற கணக்கில், ஏறத்தாழப் பாதி மருந்து பிடிபட வாய்ப்பிருக்கிறது. அதே ஒரு லிட்டரை 100 லிட்டரில் கரைத்தால் கால் பங்குதான் பிடிபடும். மருந்தைக் கூட்டவே இல்லை. கூடவே வரும் உப்பைப் பாதியாக்கினோம். "தண்ணியை நல்லா ஊத்தி அடிச்சாத்தான் நனையும்" என்பது நம் வழக்கமான எண்ணம். தொடுமருந்துக்கு அது சரி. செடிக்குள் ஊடுருவிச் செல்லும் மருந்தைக் கடின நீரில் கரைக்கும்போது அதுவே நட்டமாகிறது. ஆனால் எந்த மருந்துக்கும் டப்பாவில் அச்சிட்டிருக்கும் குறைந்த அளவு நீருக்குக் கீழே போகக் கூடாது. செறிவு ஏறினால் நெல்லும் கருகும்.

இரண்டாவது, அம்மோனியம் சல்பேட். நாம் உரமாகப் போட்ட அதே பொருள். கலவையில் சல்பேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அம்மோனியம் மருந்தோடு சேர்ந்துகொள்ளும், அந்த வடிவத்தில் இலை மருந்தை எளிதாக ஏற்கும். லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் என்பது வெளிநாட்டுப் பரிந்துரைகளில் பரவலாகக் காணப்படும் அளவு. 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயருக்கு 160 முதல் 320 கிராம். அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தார் தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் நான்கையும் வைத்து எவ்வளவு போட வேண்டும் என்று கணக்கிட ஒரு வாய்ப்பாடே தந்திருக்கிறார்கள். வரிசை முக்கியம். முதலில் தண்ணீர், பிறகு அம்மோனியம் சல்பேட், அது முழுதாகக் கரைந்து துணியில் வடிகட்டியபின்தான் மருந்து. மருந்தை முதலில் ஊற்றினால் கால்சியம் அதைப் பிடித்துவிடும். "யூரியா போட்டா ஆகாதா?" என்று கேட்கிறார்கள். யூரியாவில் சல்பேட் கிடையாது. மண்ணில் சிதையும் வரை அம்மோனியமும் கிடையாது. ஆகாது. இன்னொன்று, நின்ற பயிர்மேல் அடிக்கும் மருந்தில் இதைச் சேர்ப்பதாக இருந்தால், டப்பாவில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயிர் இலையும் மருந்தைக் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும் அல்லவா?

துத்திச் செடியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் உறவான ஒரு துத்தி வட அமெரிக்காவில் மக்காச்சோளக் காடுகளில் பெரிய களை. அந்தச் செடி தன் இலையின் மேலேயே கால்சியத்தைக் கசியவிடுகிறது. மென்னீரில் கரைத்து அடித்தாலும் இலைமேல் விழுந்தபின் மருந்து பிடிபடுகிறது. அங்கேயும் கைகொடுத்தது அம்மோனியம் சல்பேட்தான். இலைமேல் என்ன இருக்கிறது என்பதும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதற்காகச் சொன்னேன். ஜல்லி லாரிகள் ஓடும் சாலையோர வயல்களில் புழுதி படிந்த களைமேல் அடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவு நேரம் ஏரி நீரைப் புகழ்ந்தேன். அதற்கும் ஒரு குறை உண்டு, கலங்கல். மிதக்கும் களிமண் துகள்கள் எதிர் மின்சுமை கொண்டவை. பாராக்வாட் என்ற களைக்கொல்லி நேர் மின்சுமை கொண்டது. அது களிமண்ணைத் தொட்டதும் ஒட்டிக்கொள்ளும், பிறகு விடாது. கிளைபோசேட்டும் மண்ணோடு வலுவாக ஒட்டும். இவை மண்ணில் விழுந்ததும் செயலிழப்பதற்குக் காரணமான அதே குணம், கலங்கல் நீரில் தெளிப்பானுக்குள்ளேயே செயலிழக்கவும் காரணமாகிறது. (பாராக்வாட் மாற்று மருந்தில்லாத கொடிய நஞ்சு. அதைக் கையில் எடுக்காதிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.) ஆகக் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் போர்த் தண்ணீர் உப்பால் கெடுக்கிறது, மென்மையான ஏரித் தண்ணீர் மண்ணால் கெடுக்கிறது. இரண்டில் ஏரித் தண்ணீரைச் சரிசெய்வது எளிது. முந்தைய நாளே டிரம்மில் பிடித்து வைத்தால் பெரும்பாலான மண் இரவுக்குள் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் மொண்டு துணியில் வடிகட்டுங்கள். சீக்கிரம் தெளியட்டும் என்று படிகாரத்தைத் தேய்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. மருந்துத் தண்ணீருக்கு அது வேண்டாம். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. கால்சியத்தைவிட இறுக்கமாகக் கிளைபோசேட்டைப் பிடிக்கக் கூடிய உலோகம் அது. மண்ணை வெளியேற்றிவிட்டு அதைவிடப் பெரிய எதிரியை உள்ளே விடுகிறோம்.

இரும்புக்கும் ஒரு வார்த்தை. சில போர்களில் தண்ணீர் வரும்போது தெளிவாக வந்து, தொட்டியில் நின்றதும் துருநிறம் காட்டும். அந்த நீர் வேண்டாம். நாகம் பூசிய இரும்பு வாளியிலும் மருந்தைக் கலக்காதீர்கள். கிளைபோசேட் அதோடு வினைபுரிந்து தீப்பிடிக்கக் கூடிய வாயுவை உண்டாக்கும் என்று உற்பத்தியாளர்களே எச்சரிக்கிறார்கள். பிளாஸ்டிக் வாளி போதும்.

அடுத்து ஒரு தவறான வைத்தியத்தைப் பற்றிப் பேச வேண்டும். தண்ணீர் காரமாக இருக்கிறது, அதனால் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றி அமிலமாக்கினால் மருந்து கேட்கும் என்று பலரும் பரப்புகிறார்கள். கிளைபோசேட் தானே அமிலத்தன்மை உள்ளது. கரைத்ததும் கலவையின் காரத்தைப் பெரும்பாலும் அதுவே குறைத்துவிடும். அங்கே சிக்கல் கால்சியம்தான். மாறாக, நெல்லுக்கு நாம் அடிக்கும் பைரசோசல்ஃப்யூரான், பென்சல்ஃப்யூரான், மெட்சல்ஃப்யூரான் போன்றவை சல்ஃபோனைல்யூரியா குடும்பத்தைச் சேர்ந்தவை. அமில நீரில் நேரம் செல்லச் செல்ல இவை சிதையும், சற்றே காரமான நீரில்தான் நிலையாக இருக்கும். அமிலத்தை ஊற்றிக் கலக்கி வைத்துவிட்டு, காற்று அடிக்கிறது, நாளைக்கு அடிக்கலாம் என்று விட்டால், மறுநாள் தெளிப்பது பலமிழந்த தண்ணீர். எல்லா மருந்துக்கும் ஒரே வைத்தியம் சொல்பவரை நம்பாதீர்கள்.

எல்லா மருந்தும் தண்ணீரால் கெடுவதும் இல்லை. நட்ட சில நாட்களில் மணலோடு கலந்து வீசும் பியூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் இரண்டும் மின்சுமையற்றவை. கால்சியத்துக்கு அவற்றில் பிடிக்க இடமே இல்லை. அவை பலிக்காவிட்டால் வயலில் நீர் நின்றதா, இரண்டு நாளைக்கு வடிக்காமல் வைத்தோமா என்று பாருங்கள். மிகக் கடினமான நீரில் எண்ணெய்க் குழம்பு வகை மருந்துகள் திரிந்து பிரியக் கூடும். அதனால்தான் ஆய்வகத்தில் குழம்பின் நிலைத்தன்மையைச் சோதிக்க 342 மில்லிகிராம் கடினத்தன்மை கொண்ட நீரைச் செயற்கையாகத் தயாரிப்பார்கள். அதைவிடக் கடினமான கிணறுகள் நம் பக்கத்தில் அபூர்வமல்ல. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமே 200 வரை விரும்பத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்கிறது. குடிப்பதற்கு ஏற்கத் தக்க நீர் களைக்கொல்லிக்கு ஏற்காததாக இருக்கலாம்.

கோடையில் வாடி நிற்கும் களை எந்த மருந்தையும் சரியாக உறிஞ்சாது, நான்கு இலையைத் தாண்டி முற்றிய குதிரைவாலிப் புல் எளிதில் சாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சொர்ணவாரியின் தோல்வி முழுவதையும் தண்ணீர் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் வெயிலை நாம் மாற்ற முடியாது. தண்ணீரை மாற்ற முடியும்.

மருந்தின் அளவைக் கூட்டுவதில் எனக்குள்ள அச்சம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. பிடிபட்டுப் பயனற்றுப் போன மருந்து மறைந்து போவதில்லை. வயலில் விழுகிறது, வாய்க்காலில் இறங்குகிறது. நம் ஏரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொடுத்தவை, மேலே விட்டது கீழே சேரும். இலங்கையில் இதே கடின நீரும் களைக்கொல்லியும் சேர்ந்து ஒரு நாட்டையே உலுக்கிய விவாதத்தை நினைத்துப் பாருங்கள். வட மத்திய மாகாணத்தின் உழவர்களிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியது. 2014-ல் சன்ன ஜயசுமனவும் உடன் ஆய்வாளர்களும், கடின நீரிலுள்ள உலோகங்களோடு கிளைபோசேட் சேர்ந்து உருவாகும் கூட்டுப்பொருளே சிறுநீரகத்தைக் கெடுக்கிறதோ என்று ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். அது நிறுவப்படவில்லை, அறிவியலாளர் பலர் மறுத்தார்கள். ஆனாலும் 2015-ல் அரசு கிளைபோசேட்டைத் தடை செய்தது. 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது, 2022-ல் தடையை நீக்கியது. அந்தக் கருதுகோளை நான் ஏற்றுச் சொல்லவில்லை. கிணற்று நீரைக் குடித்துக்கொண்டே அதே நீரில் மருந்தைக் கரைக்கும் உழவனின் அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதற்காகச் சொல்கிறேன். நமக்கு மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவால் பாலாற்று நிலத்தடி நீர் கெட்ட கதை 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. தண்ணீரைச் சோதிக்காமலே காலம் தள்ளும் வசதி இந்த ஆற்றங்கரையில் யாருக்கும் இல்லை.

சோதிப்பது எளிது. வீட்டிலேயே ஒரு முன்சோதனை செய்யலாம். ஒரே அளவு பாட்டில்கள் இரண்டில் மழை நீரும் போர் நீரும் ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவு துணிச் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். சோப்புத்தூள் வேண்டாம், அது கடின நீரிலும் நுரைக்கும். நுரை எழாமல் தயிர்போலத் திரிந்தால் கடினம். கேன் தண்ணீர் விற்பவர் வைத்திருக்கும் டிடிஎஸ் கருவியை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது மொத்த உப்பைச் சொல்லும், அதில் கால்சியம் எவ்வளவு என்று சொல்லாது.

சரியான எண் வேண்டுமானால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் சோதித்துத் தருகிறார்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் இரண்டு மூன்று முறை அலசி, காற்றிடம் இல்லாமல் நிரப்பி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். மருந்து டப்பாவில் பிடிக்கவே கூடாது. அறிக்கையில் கார அமில நிலையும் மின் கடத்துதிறனும் மட்டும் இருந்தால் திரும்பக் கேளுங்கள். கால்சியம், மக்னீசியம் இரண்டும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கால்சியமும் மக்னீசியமும் மில்லி ஈக்குவலன்ட் கணக்கில் இருக்கும். இரண்டையும் கூட்டி 50 ஆல் பெருக்கினால் கடினத்தன்மை வந்துவிடும். கால்சியம் 6, மக்னீசியம் 4 என்றால் 10, பெருக்கினால் 500. தையில் ஒன்று, வைகாசியில் ஒன்று என்று ஒரே கிணற்றுக்கு இரண்டு அறிக்கை வாங்குங்கள். அந்த இரண்டு எண்களையும் மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். மருந்து வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் முதலில் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு, இந்தத் தண்ணீருக்கு எந்த மருந்து என்று கேளுங்கள்.